மூடும்போது தொங்கும் சர்வர்: ஸ்ட்ரேஸா, ஜிடிபியா?

லினக்ஸில் முதலில், பிணைய இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் (ss) கட்டளையைப் போடுங்கள். க்ளோஸ்-வெயிட் நிலையில் இணைப்புகள் குவிந்திருந்தால், எதிர்முனை மூடிவிட்டது. நம் நிரல்தான் இன்னும் சாக்கெட்டை, அதாவது இணைப்பின் நம் முனையை, மூடவில்லை. ஏன் என்று பார்க்கத்தான் இந்த இரண்டும்: நிரல் கெர்னலிடம் கேட்கும் அழைப்புகளை (சிஸ்டம் கால்) காட்டும் ஸ்ட்ரேஸ் (strace), நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் ஜிடிபி (gdb).

வேகம்: ஸ்ட்ரேஸை ஓடும் பிராசஸில் ஒட்டினால் எந்த சிஸ்டம் கால் மாட்டியிருக்கிறது என்று உடனே தெரியும். ஜிடிபிக்கு டீபக் சிம்பல்கள் (நிரலின் பெயர்கள், வரி எண்கள் பற்றிய குறிப்புகள்) வேண்டும். இல்லையென்றால் வரி எண்கள் வராது.

தொந்தரவு: ஸ்ட்ரேஸ் சர்வரை மந்தமாக்கும். ஜிடிபி ஒட்டிய கணமே மொத்தமாக நிறுத்திவிடும்.

ஆழம்: இங்கேதான் வித்தியாசம். ரீட் அழைப்பில் நின்றால், எதிர்முனை இன்னும் மூடாத வேறொரு இணைப்பில் தரவுக்காக டைம்அவுட் இல்லாமல் காத்திருக்கலாம், அதைக் காண ஸ்ட்ரேஸே போதும். க்ளோஸ் அழைப்பிலேயே நின்றால், மீதித் தரவு போய்ச் சேரும் வரை மூடுவதைக் காக்கவைக்கும் லிங்கர் அமைப்பைச் சந்தேகப்படுங்கள். ஆனால் எல்லா த்ரெட்டும் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) ஃப்யூடெக்ஸ் என்ற பூட்டு அழைப்பில் நின்றால், பூட்டுக்காகக் காத்திருக்கிறது என்பதற்கு மேல் ஸ்ட்ரேஸ் எதுவும் சொல்லாது. அப்புறம் ஜிடிபிதான்: 'த்ரெட் அப்ளை ஆல் பிடி' கொடுத்தால் ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்பது வரி எண்ணோடு வரும்.

நேரலை சர்வருக்கு ஸ்ட்ரேஸ். டெட்லாக் (ஒன்றின் பூட்டுக்காக இன்னொன்று காத்து எல்லாம் நின்றுபோவது) சந்தேகமா? ஜிகோர் (gcore) கட்டளை கொண்டு, நிரலின் நினைவக நகலான கோர் கோப்பை எடுத்து, வேறு கணினியில் நிதானமாக ஜிடிபியில் திறந்து பாருங்கள்.