கலாநிதிப் பட்டம் இல்லாத ஆராய்ச்சி வேலை: வன்னியில் எந்த வழி மேல்?

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இவ்விரு இடங்களிலிருந்தும் வெளியேறும் விஞ்ஞானப் பட்டதாரிகளில், கலாநிதிப் பட்டத்துக்காக மேலும் பல ஆண்டுகளைச் செலவிட வசதியோ விருப்பமோ இல்லாதவர்கள், கைக்கெட்டும் வேலைகளைச் சம்பளத்தை வைத்தே ஒப்பிடுகிறார்கள். எதை அளப்பது என்று தீர்மானிப்பவர் யார், அளப்பவர் அந்த இடத்தில் எத்தனை காலம் நிலைக்கலாம் என்ற இரண்டையும் பார்ப்பதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

வைத்தியசாலை ஆய்வுகூடத்தையும் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தையும் பலர் ஆராய்ச்சி என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அவை நிரந்தரமானவை, மதிப்புள்ளவை. ஆனால் வந்த மாதிரியைச் சோதித்து அறிக்கை கொடுப்பதோடு வேலை முடிகிறது. இந்த அலசலில் அவற்றுக்கு மேலும் இடமில்லை.

பல்கலைக்கழக ஆராய்ச்சி உதவியாளர் பதவிக்கு நல்ல இளமாணிப் பட்டம் போதும். விரிவுரையாளர் ஒருவர் பெற்ற ஆய்வு நிதியிலிருந்தே சம்பளம் வருவதால், நிதி தீரும்போது ஒப்பந்தமும் தீர்ந்துவிடும். ஆனாலும் பரிசோதனையை வடிவமைக்கவும், தரவைப் புள்ளிவிவர முறையில் ஆராயவும், கட்டுரை எழுதவும் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் வன்னியில் இல்லை. சேர்பவர் நேர்முகத்திலேயே மூன்றைக் கேட்டுவிட வேண்டும்: நிதி எத்தனை மாதங்களுக்கு உள்ளது, அதே ஆய்வில் முதுதத்துவமாணிப் (எம்.பில்.) பட்டத்துக்குப் பதிய முடியுமா, கட்டுரையில் பெயர் வருமா. மூன்றுக்கும் மழுப்பலான பதில் கிடைத்தால், அது ஆராய்ச்சி வேலையன்று, எடுபிடி வேலை.

பூச்சியியல் களப்பணியை, அதாவது நோய் பரப்பும் நுளம்புகளைத் தேடிக் கண்காணிக்கும் வேலையை, படித்தவர்கள் ஏளனமாகப் பார்ப்பதுண்டு. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியில், வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் அடங்கும் மன்னாரில், நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற நுளம்பு நாட்டில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. கிணறுகளில் குடம்பிகளைத் தேடி, பிடித்ததை நுணுக்குக்காட்டியில் இனம் காணும் அன்றாடக் கண்காணிப்பு இல்லையெனில் இத்தகைய இனம் வந்து பரவியதே தெரியாது போயிருக்கும். பட்டம் கட்டாயமில்லாத பதவிகளும் இத்துறையில் உண்டு. (மலேரியாவுக்கு ஆர்டெமிசினின் மருந்தைத் தந்து 2015இல் நோபல் பரிசு பெற்ற தூ யூயூவிடமும் கலாநிதிப் பட்டம் இருக்கவில்லை.) குறை என்னவென்றால், எங்கே, எப்படித் தேடுவது என்பது பெரும்பாலும் மேலிடத்திலிருந்தே வருகிறது.

விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்களில், குறிப்பாகப் பரந்தன் நெல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில், உதவியாளராக இருப்பதையே நான் முதலில் வைப்பேன். வவுனியா விவசாயப் பாடசாலையில் படித்துப் பெறும் டிப்ளோமா இந்தத் துறைக்குள் நுழைய ஒரு வாசல். ஒரு நெல்லினம் முதற் கலப்பிலிருந்து கமக்காரர் கைக்குப் போய்ச் சேர ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் எடுக்கும். அதற்குள் பாத்தி பாத்தியாக மட்டங்களை (நெற்பயிரின் பக்கக் கிளைப்புகளை) எண்ணுவதும், பாதிப் பயிர் பூக்கும் நாளைக் குறிப்பதும், அறுத்த நெல்லின் ஈரப்பதத்தைச் சரிசெய்து விளைச்சலைக் கணிப்பதும் போகத்துக்குப் போகம் தொடர வேண்டும். ஒப்பந்தத்தில் வருபவர் ஒரு காலபோகத்தையோ இரண்டையோ பார்த்துவிட்டுப் போகிறார். மழை பொய்த்த ஆண்டையும், இரணைமடுக் குளம் வான்பாய்ந்த ஆண்டையும், சிறுபோகத்தில் தண்ணீர் கடைமடைக்கு எட்டாத ஆண்டையும் ஒரே இனத்தில் பார்த்தவருக்கே, இந்த முறை குறைந்த விளைச்சலுக்கு விதை காரணமா, நிலத்தின் உவரா என்று சொல்ல முடிகிறது. ஆய்வுக் கேள்வியைத் தாமே எழுதாவிட்டாலும், அதைத் திருத்தும் தகுதி அவருக்கு வந்துவிடுகிறது. கட்டுரையில் அவர் பெயர் பெரும்பாலும் நன்றியுரையோடு நின்றுவிடும் என்பதும், எதிர்பாராத இடமாற்றம் ஒன்று அந்தத் தொடர்ச்சியை அறுத்துவிடலாம் என்பதும் உண்மை. பெயரையே முக்கியமாகக் கருதுபவருக்குப் பல்கலைக்கழக ஒப்பந்தம்தான் ஏற்றது. அவர் வயலுக்கு வந்தால் இரண்டாம் போகத்திலேயே சலித்துவிடுவார்.