ஷார்ட் பெட் டிரக்கில் ஃபிப்த் வீல் ஹிட்ச்: சில வருட அனுபவம்

ஃபிப்த் வீல் டிரெய்லர், அதாவது பிக்கப் டிரக்கின் பெட்டுக்குள் பூட்டி இழுக்கும் வீட்டு வண்டி, வாங்க நினைக்கும் நண்பர்கள் போன் செய்தால் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, 16 ஆயிரம் பவுண்டு ஹிட்ச் போதுமா, 20 ஆயிரம் எடுக்கணுமா?" நான் திருப்பிக் கேட்பது, "டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்குமே, அதில் ஆட்களும் சாமானும் சேர்த்து எத்தனை பவுண்டு என்று போட்டிருக்கு?" டிரெய்லரை டிரக்கோடு பூட்டும் இந்த ஹிட்ச்கள் கடையில் 16,000, 20,000, 25,000 பவுண்டு போன்ற அளவுகளில் வருகின்றன. அந்த எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்பே டிரக் கையை விரித்துவிடும். அதனால் இந்தப் பகிர்வில் ஹிட்சைவிட டிரக்கைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

நான் இருப்பது டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே. டிரக் ராம் 3500, கம்மின்ஸ் டீசல், பின் ஆக்ஸிலில் இரண்டே டயர், பெட் (பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி) நீளம் 6 அடி 4 அங்குலம். டிரெய்லர் 36 அடி, முழு எடை வரம்பு 14,000 பவுண்டு, அதாவது சுமார் 6,350 கிலோ. ஹிட்ச், பி அண்ட் டபிள்யூ கம்பெனியின் கம்பேனியன் ஸ்லைடர், அதாவது தலை முன்னும் பின்னும் நகரும் ரகம். கான்சாஸ் மாநிலத்தில் ஹம்போல்ட் என்ற சின்ன ஊரில் செய்கிறார்கள். சொந்தக் காசில் வாங்கியது.

புதியவர்களுக்கு ஒரு வரி. பம்பருக்குக் கீழே உருண்டையில் மாட்டும் சாதாரண டிரெய்லர், தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை டிரக் மேல் வைக்கும். ஃபிப்த் வீல் டிரெய்லரின் கிங்பின், அதாவது அதன் மூக்கின் அடியில் தொங்கும் இரும்பு முளை, பெட்டுக்குள்ளேயே, பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே அல்லது ஓரிரு அங்குலம் முன்னால் உட்காரும். அதன் பங்கு சுமார் 20 சதவீதம், சிலவற்றில் 25 வரை போகும். பக்கவாட்டில் ஆட்டம் இல்லாமல், லாரி கடந்து போனாலும் அசையாமல் ஓடுவதற்குக் காரணம் இந்த இடம்தான். அதற்கான விலையை டிரக்கின் பேலோட் (சுமக்கக்கூடிய எடை) கணக்கில் கொடுக்க வேண்டும்.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். டிரெய்லர் பிரோஷரில் காலி நிலையில் கிங்பின் எடை 2,150 பவுண்டு என்று இருந்தது. அதில் பேட்டரி இல்லை, கேஸ் சிலிண்டர் இல்லை, முன்பக்க அறையில் நாம் திணிக்கும் நாற்காலி, கரி அடுப்பு, கருவிப்பெட்டி எதுவும் இல்லை. இவை எல்லாமே டிரெய்லரின் மூக்குப் பக்கம் உட்காருபவை, ஆகவே நேராகக் கிங்பின் மேல்தான் இறங்கும். பிரோஷர் எண்ணை நம்பி டிரக் வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

நிஜ எடை தெரிய ஒரே வழி கேட் (CAT) ஸ்கேல் என்னும் எடைமேடை. நெடுஞ்சாலை ஓரம் பைலட், லவ்ஸ் போன்ற டிரக் ஸ்டாப்களில் இருக்கும். முதலில் டிரெய்லரோடு ஏறினால் முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், டிரெய்லர் ஆக்ஸில் என்று மூன்று எண் தருவார்கள். பிறகு டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு டிரக்கை மட்டும் ஏற்ற வேண்டும். எனக்கு வந்தது: டிரக் மட்டும் 8,900 பவுண்டு, நாங்கள் நாலு பேர், முழு டேங்க் டீசல், ஹிட்ச் எல்லாம் சேர்த்து. டிரெய்லரோடு முன் ஆக்ஸிலில் 4,950, பின் ஆக்ஸிலில் 6,810, டிரெய்லர் ஆக்ஸில்களில் 11,100. டிரக்கின் மேல் கூடிய 2,860 பவுண்டுதான் உண்மையான கிங்பின் எடை. பிரோஷர் சொன்னதைவிட 710 அதிகம்.

டிரக்கின் மொத்த வரம்பு 12,300, நான் நிற்பது 11,760, சரி. ஆனால் பின் ஆக்ஸில் வரம்பு 7,000. அங்கே மிச்சம் 190 பவுண்டுதான். 20,000 பவுண்டு ஹிட்சுக்கு இந்த டிரெய்லர் பொருட்டே இல்லை, இறுக்கிப் பிடிப்பது பின் ஆக்ஸில். மூக்குப் பக்கம் ஒரு ஜெனரேட்டர் வைக்கலாமா என்று என் மனைவி கேட்டபோது இந்த ஸ்கேல் சீட்டைத்தான் எடுத்துக் காட்டினேன். இதே டிரெய்லரை 10,000 பவுண்டு வரம்புள்ள, ஒரு படி சிறிய டீசல் 2500 டிரக்கில் மாட்டினால் என்ன ஆகும்? அந்த வகை டிரக்குகளின் ஸ்டிக்கரில் பெரும்பாலும் 2,000 பவுண்டை ஒட்டித்தான் இருக்கும். இழுக்கும், சந்தேகமே இல்லை, எஞ்சினுக்குத் தெம்பு உண்டு. சுமக்கத்தான் முடியாது. விற்பனையாளர் "தாராளமா இழுக்கும் சார்" என்று சொல்வது பொய்யில்லை, கேள்விக்குப் பாதி பதில்.

அடுத்தது பெட் நீளம். 8 அடி லாங் பெட் இருந்தால் நகராத சாதாரண ஹிட்ச் போதும், இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஷார்ட் பெட்டில் கிங்பினுக்கும் கேபினுக்கும் இடையே இடைவெளி குறைவு. கூர்மையாக ஒடிக்கும்போது டிரெய்லரின் முன் மூலை பின் கண்ணாடியைத் தேடி வரும். இதற்கு மூன்று வழி. கையால் நகர்த்தும் ஸ்லைடர். திரும்பும்போது தானாகப் பின்னால் போகும் ஸ்லைடர், புல்ரைட் சூப்பர்கிளைடு இந்த ரகம். மூன்றாவது, டிரெய்லர் பக்கம் கிங்பின்னைத் தாங்கும் பெட்டியான பின் பாக்ஸையே மாற்றி, திரும்பும் புள்ளியைப் பின்னால் தள்ளும் ரீஸ் சைட்வைண்டர் போன்றவை.

தானியங்கி சுகமானதுதான். ஆனால் எடையும் விலையும் அதிகம், கிங்பின்னோடு ஒரு தகடு பொருத்த வேண்டும், 190 பவுண்டு மிச்சத்தில் வாழ்கிறவனுக்கு ஹிட்சின் ஒவ்வொரு பவுண்டும் கணக்கு. இப்போது வரும் டிரெய்லர்களின் முன் மூலைகளை உள்வாங்கிச் செய்கிறார்கள். என்னுடையதும் அப்படித்தான். அதனால் சாலையில் எந்தத் திருப்பத்திலும் ஸ்லைடரைத் தொட்டதில்லை. மரங்களுக்கு நடுவே இருக்கும் பழைய ஸ்டேட் பார்க்குகளில், தொண்ணூறு டிகிரி ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் தேவைப்படும். இறங்கி லீவரை விடுவித்து, டிரெய்லர் பிரேக்கைக் கையால் பிடித்துக்கொண்டு டிரக்கை மெதுவாக முன்னால் நகர்த்தினால், தலை சுமார் ஓர் அடி பின்னால் போய் லாக் ஆகும். வேலை முடிந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பின்னால் தள்ளிய நிலையில் நெடுஞ்சாலை ஏறினால் எடை ஆக்ஸிலுக்குப் பின்னால் விழுந்து முன் சக்கரங்கள் லேசாகிவிடும். மழையில் இறங்கி லீவர் இழுப்பது எரிச்சல்தான். வருடத்தில் ஒரு சில தடவைக்காகக் கூடுதல் பணமும் எடையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு முன் என்னிடம் வேறொரு ஸ்லைடர் இருந்தது, பழைய டிரெய்லரோடு வந்தது. பெயர் வேண்டாம். அதில் கிங்பின்னைப் பிடிக்கும் தாடைக்கும் கிங்பின்னுக்கும் இடையே தேய்மானத்தால் இடைவெளி விழுந்திருந்தது. லூசியானாவில் ஐ-10 சாலை, பேட்டன் ரூஜுக்கும் லஃபயெட்டுக்கும் இடையே அட்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் பாலமாகவே போகிறது, சுமார் 18 மைல். கான்கிரீட் இணைப்புகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் டிரெய்லர் பின்னாலிருந்து முட்டும், இழுக்கும். இங்கே இதை 'சக்கிங்' என்கிறார்கள். பாலம் முடியும்போது இடுப்பு கழன்றுவிடும், பின்சீட்டில் பிள்ளைகள் மாட்டுவண்டியில் போவது போலத் தலையாட்டிக்கொண்டு வருவார்கள். கம்பேனியனில் தாடைகள் இரண்டு பக்கமும் கிங்பின்னைச் சுற்றி இறுக்குகின்றன, தலை ஆடும் இடங்களில் பாலியூரிதேன் புஷ் இருக்கிறது. அதே பாலத்தில் முட்டல் முழுதாகப் போகவில்லை, ஏனென்றால் அதில் பாதி சாலையின் கைவேலை, ஆனால் உலோகம் உலோகத்தில் இடிக்கும் சத்தம் போய்விட்டது. சக்கிங் மட்டுமே உங்கள் கவலை என்றால் ஹிட்சை மாற்றுவதற்கு முன் காற்றுப்பை வைத்த பின் பாக்ஸைப் பாருங்கள்.

பொருத்தும் முறைக்கு வருவோம். பழைய முறையில் பெட்டில் துளை போட்டு, அடியில் சட்டத்தோடு பிராக்கெட் கட்டி, மேலே இரண்டு ரெயில்களைப் போல்ட் செய்வார்கள். உறுதியில் குறையே இல்லை. ஆனால் ஹிட்சை எடுத்த பிறகும் ரெயில் தங்கிவிடும், ஒட்டுப்பலகை ஏற்றினால் அதில் இடிக்கும். கம்பெனியிலேயே டோவிங் பேக்கேஜோடு வரும் டிரக்குகளில் பெட்டின் அடியில் குறுக்குச் சட்டம் வைத்து, நாலு மூலையில் ஹிட்ச் காலைப் பூட்ட நாலு ஓட்டையும் (பக் என்பார்கள்) நடுவில் கூஸ்நெக் என்னும் வேறு வகை டிரெய்லரின் உருண்டைக்கு ஓர் ஓட்டையும் கொடுத்துவிடுகிறார்கள். டிரக் வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள், பிறகு போடுவதைவிட மலிவு. என் ஹிட்சின் நாலு கால்களும் அந்த ஓட்டைகளில் இறங்கி, கைப்பிடியைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். எடுத்தால் பெட் மொட்டையாக, பழையபடி தட்டையாக இருக்கும்.

எடுப்பது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். ஸ்லைடர் என்பதால் கனம். தனி ஆளாகத் தூக்க நினைக்காதீர்கள். நான் கராஜ் உத்தரத்தில் ஒரு மின் வின்ச் மாட்டி வைத்திருக்கிறேன், டிரக்கை அடியில் நிறுத்தித் தூக்கி, சக்கரம் வைத்த பலகையில் இறக்கிவிடுவேன். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு ஆண்டர்சன் அல்டிமேட் இருக்கிறது. அலுமினியம், சுமார் 35 பவுண்டுதான், ஒரு கையால் எடுத்துவிடலாம். அது வழக்கமான தட்டும் தாடையும் இல்லாமல், கிங்பின்னில் ஓர் அடாப்டர் மாட்டி உருண்டையில் உட்காரும் அமைப்பு. ஆஸ்டினில் ஒரு நண்பர் வைத்திருக்கிறார், மிகுந்த திருப்தி அவருக்கு. எனக்குக் கிங்பின் இருந்தபடியே இருக்க வேண்டும், அவசரத்துக்கு இன்னொருவர் டிரக்கில் மாட்ட வேண்டுமென்றால் அடாப்டர் குறுக்கே வரக் கூடாது. அடாப்டர் எதுவானாலும் டிரெய்லர் சட்டம் செய்தவரின் வாரண்டி என்ன சொல்கிறது என்று முதலில் படித்துவிடுங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டிய ஒரே பெரிய விஷயம் உயரம். டிரெய்லரின் அடித்தகடு ஹிட்ச் தட்டைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும். ரிவர்ஸில் வரும்போது தகடு ஹிட்சின் சரிவில் ஏறி டிரக்கை லேசாக அமுக்குவது கண்ணில் தெரியும். டிரெய்லர் உயரமாக இருந்தால் கிங்பின் தாடைக்குள் இறங்காமல் மேலேயே நின்று, பூட்டியது போலவே தோன்றும். அப்படியே கிளம்பினால் முதல் திருப்பத்திலோ மேட்டிலோ டிரெய்லர் கழன்று பெட்டின் இரு பக்கச் சுவரிலும் விழும். காம்ப்கிரவுண்டுகளில் பெட் நசுங்கிய டிரக்குகளைப் பார்த்தால் பெரும்பாலும் இந்தக் கதைதான். அதனால் கைப்பிடி முழுதாக மூடியிருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், டார்ச் அடித்து இரண்டு தகடுகளுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள், தெரியக் கூடாது. பூட்டுப்பின் செருகி, மின் பிளக்கையும் மாட்டுங்கள். அப்புறம் டிரெய்லரின் முன்பக்கத் தாங்கு கால்கள் தரையில் இருக்கும்போதே டிரெய்லர் பிரேக்கைப் பிடித்து டிரக்கை லேசாக முன்னால் இழுத்துப் பாருங்கள். டிரெய்லர் கழலாமல் பிடித்து நின்றால் மட்டுமே கால்களைத் தூக்க வேண்டும். டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானே போடவைக்கும் பிரேக்அவே கம்பியை ஹிட்சில் கட்டுபவர்கள் உண்டு. ஹிட்சே பிடுங்கிக்கொண்டு வந்தால் அந்தக் கம்பியால் என்ன பயன்? டிரக்கில் கட்டுங்கள்.

பெட் சுவருக்கும் டிரெய்லர் அடிவயிற்றுக்கும் இடையே 6 அங்குலமாவது இருக்கட்டும். இப்போதைய டிரக்குகள் உயரம் என்பதால், அந்த இடைவெளியைக் காப்பாற்றப் போனால் டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஹிட்ச் தலையின் உயரத்தையும் பின் பாக்ஸையும் மாற்றி மாற்றி ஒரு சமரசத்துக்கு வர வேண்டியிருந்தது. என்னுடையது இன்றும் மூக்கு ஓர் அங்குலம் தூக்கல்தான், டயர்கள் சீராகவே தேய்கின்றன.

பராமரிப்பு அதிகமில்லை. தட்டில் கிரீஸ் தடவுவதற்குப் பதில் கிங்பின்னில் ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் வட்டத் தகடு போட்டுவிட்டேன், சட்டையில் கறை ஒட்டுவதில்லை. தேய்ந்தால் மாற்றிவிடலாம், விலை சொற்பம். தாடைகளில் மட்டும் கொஞ்சம் கிரீஸ். கொலராடோ போகும் வழியில் 7,834 அடி உயர ராட்டன் கணவாயில் ஏறி இறங்கிய பிறகும் போல்ட் எதுவும் தளரவில்லை. அங்கே உழைத்தது எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைப்பது), அதற்கான பாராட்டு டிரக்குக்கு.

டெக்சாஸ்காரர்களுக்கு ஒரு குறிப்பு. டிரக், டிரெய்லர் வரம்புகளைக் கூட்டினால் எனக்கு 26,300 வருகிறது. கூட்டு எடை 26,001 பவுண்டைத் தொட்டு, இழுக்கப்படுவது 10,000-க்கு மேல் இருந்தால் சாதாரண கிளாஸ் சி லைசென்ஸ் செல்லாது. சொந்த உபயோகத்துக்கான கிளாஸ் ஏ எடுக்க வேண்டும், டிரெய்லரோடு ஓட்டிக் காட்டிய பிறகுதான் தருவார்கள். வணிக லைசென்ஸ் தேவையில்லை. மற்ற மாநிலங்களில் விதி வேறு.

பழைய ஹிட்ச் வாங்குவதும் நல்ல யோசனைதான், கனத்த இரும்பு எளிதில் கெடாது. வாங்கும் முன் தாடையின் உள்பக்கத்தை விரலால் தடவி, பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லைடர் என்றால் முன்னும் பின்னும் நகர்த்தி, இரண்டு முனையிலும் லாக் முழுதாக விழுகிறதா என்று கேட்டுப் பாருங்கள், சத்தமே சொல்லிவிடும். பக் முறை ஹிட்ச் என்றால் எந்த டிரக்குக்கான கால் என்று கண்டிப்பாகக் கேளுங்கள். ஃபோர்டு, ராம், ஜிஎம் என்று கம்பெனிக்குக் கம்பெனி ஓட்டை இடைவெளி வேறுபடலாம். கால்களைத் தனியாக வாங்கி மாற்ற முடியும் மாடல்களும் உண்டு, முடியாதவையும் உண்டு. பணம் கொடுப்பதற்கு முன் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.