முந்நூறு ரூபாய் நாவல்: எந்த வழியில் படித்தால் எழுதியவருக்கு என்ன கிடைக்கும்?

சேலம் புத்தகத் திருவிழாவில் 300 ரூபாய் போட்ட நாவலை 10 சதவீதத் தள்ளுபடியில் 270-க்கு வாங்கலாம். எழுத்தாளருக்குப் போகும் பங்கான ராயல்டி பெரும்பாலும் அச்சிட்ட விலையில் 10 சதவீதம், அதாவது 30 ரூபாய். கடையில் வாங்கினாலும் அதே 30தான். ஆனால் கடைக்கழிவாக 30, 40 சதவீதம் போய்விடும். பதிப்பகத்தின் சொந்த அரங்கில் வாங்கினால் அது பதிப்பகத்திலேயே தங்கும், ராயல்டியை நேரத்துக்குக் கொடுக்கவும் கை இருக்கும். ஏற்காட்டில் இருப்பவர் இதற்காக மலையிறங்க வேண்டாம். பதிப்பகத்துக்கே பணம் அனுப்பித் தபாலில் வரவழைப்பதுதான் நல்ல வழி.

எழுத்தாளரே அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் ஏற்றிய நூலென்றால் கணக்கு மாறும். அங்கே பங்கு 35 அல்லது 70 சதவீதம். இந்தியாவில் 70 வேண்டுமென்றால் மின்னூலை வேறெங்கும் விற்கக் கூடாது. 70 சதவீதப் பங்கில், 100 ரூபாய் மின்னூலில் வரியும் கோப்பை அனுப்பும் கட்டணமும் போனாலும் அச்சுப் பிரதியைவிடக் கூடுதலாகவே அவர் கைக்கு வரும். கிண்டில் அன்லிமிடெட் என்ற மாதச் சந்தாவில் படித்த பக்கத்துக்குத்தான் காசு. இறக்கி வைத்துவிட்டுப் படிக்காமல் விட்டால் ஒன்றுமில்லை.

"மாவட்ட மைய நூலகத்தில் ஒரே பிரதியை நாற்பது பேர் படிக்கிறார்களே, வாட்சப் பிடிஎஃப் மட்டும் என்ன பாவம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நூலகப் பிரதிக்கும் ராயல்டி ஒருமுறைதான், உண்மை. ஆனால் அது சொத்து வரியோடு நாம் கட்டும் நூலக வரியில் வாங்கியது, ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்கும், கிழிந்தால் மறுபடி வாங்க வேண்டும். போனில் படமெடுத்து, ஓரத்தில் கட்டைவிரலும் மடிப்பில் வளைந்த வரிகளுமாகச் சுற்றும் பிடிஎஃப்புக்கு எந்த எல்லையும் இல்லை. 500 பிரதி அச்சாகும் நாவலுக்கு மொத்த ராயல்டியே 15,000 ரூபாய். நூறு பேர் வாங்காமல் விட்டால் 3,000 போச்சு. அதைவிடப் பெரிய அடி, கிடங்கில் கட்டு பிரியாமல் கிடப்பதைப் பார்த்துப் பதிப்பகம் இரண்டாம் பதிப்பையே கைவிடுவது. ஆயிரம் பேர் படித்த நூல் 'விற்காத நூல்' ஆகிவிடுகிறது.

இலவசம் எல்லாமே திருட்டு இல்லை. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்தவை, நாட்டுடைமையானவை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் முறையாகவே கிடைக்கின்றன. கல்கி மறைந்தது 1954. அவர் எழுத்தைத் தயங்காமல் இறக்கலாம். பழைய எழுத்தாளர்களின் செம்பதிப்பில் (பழைய பதிப்புகளை ஒப்பிட்டுத் திருத்திய பதிப்பு) மட்டும் கவனம் தேவை: கதை பொதுச் சொத்து, பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்பும் அவருடைய உழைப்பு. முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்பவர் அதையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார்.