மருதாணி போட்டும் முடி உடையாமல் இருக்க: ஒரு சலித்த பொடியைப் பற்றி

நரைக்கு மருதாணி போடுகிறேன் என்று சொன்னால் போதும், "முடி வறண்டு போகுமே?" என்ற கேள்வி உடனே வந்துவிடும். அந்தக் கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டுதான் நான் இப்போது பயன்படுத்தும் பொடியைப் பற்றி எழுதுகிறேன். என் முடி சுருட்டை, மெல்லிசு, இடுப்புக்குச் சற்று மேல் வரை நீளம். வகிட்டிலும் காதோரத்திலும் நரை. சாய டப்பாக்களில் வரும் பிபிடி என்ற செயற்கைச் சாயப்பொருள் என் தலைக்கு ஒத்துக்கொள்வதில்லை. போட்டால் நெற்றியோரம் தடித்து அரிப்பெடுக்கும். அதனால் எனக்கு மருதாணியை விட்டால் வேறு வழியில்லை. நிறமும் வர வேண்டும், முடியும் கையோடு வரக் கூடாது என்பதில் நான் ரொம்பக் கறார்.

பொடியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரே கம்பெனியின் பொடியே இந்த அறுவடைக்கு ஒரு மாதிரியும் அடுத்த அறுவடைக்கு வேறு மாதிரியும் இருக்கும். பெயரைவிட பாக்கெட்டின் பின்பக்கம்தான் முக்கியம். நான் வாங்கியதில் பொருட்கள் பட்டியல் ஒரே வரிதான்: லாசோனியா இனெர்மிஸ், அதாவது மருதாணி, இலைப்பொடி. வேறு எதுவும் இல்லை. கூடவே "கையில் வரையவும் ஏற்றது, மும்முறை சலித்தது" என்று போட்டிருந்தது. தலைக்கு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது வரியை. கையில் கோலம் போடும் கோனின் நுனி அடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக அந்தப் பொடியை அவ்வளவு நைசாகச் சலிப்பார்கள். அந்த நைசுதான் நம் முடியையும் காப்பாற்றுகிறது.

எப்படி என்றால், மருதாணி போட்ட பிறகு முடி உடைவதில் பெரும்பங்கு அலசும்போதுதான் நடக்கிறது. இதற்கு முன் வாங்கிய ஒரு மூலிகைக் கலவையில் காம்புத் துணுக்கும் நரம்புத் துணுக்கும் நிறைய. குழைத்துப் பூசியபோது தெரியவில்லை. அலசும்போது ஒவ்வொரு துணுக்கும் இரண்டு மூன்று முடிகளைச் சுற்றிக்கொண்டு நின்றது. இழுத்தால் அறுந்தது. இழுக்காமல் விட்டால் காய்ந்த பிறகு சீப்பில் மாட்டி அறுந்தது. இந்தப் பொடியில் அந்தத் தொல்லையே இல்லை. ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் நெறுநெறுவென்று எதுவும் தட்டுப்படாது, ரேகைக்குள் போய்ப் படிந்துவிடும். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டு ஒரு ஸ்பூன் பொடியைக் கலக்கி வைத்துப் பார்த்தேன். மணல் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கும். தங்கவில்லை.

இன்னொரு சோதனையும் செய்தேன். கொஞ்சம் பொடியைத் தண்ணீரில் குழைத்து ஒரு டிஷ்யூ பேப்பரில் வைத்தேன். சுற்றிலும் ஊறிப் பரவும் ஈரம் மங்கிய பழுப்பாக இருந்து, நேரம் ஆக ஆக ஆரஞ்சுக்குப் போனால் நல்லது. எடுத்ததும் பளீரென்று பச்சை பரவினால், பழைய பொடிக்குப் பச்சைச் சாயம் போட்டிருக்கிறார்கள். வைத்த நிமிடமே ரத்தச் சிவப்பு வந்தாலும் சந்தேகம்தான். அப்படி நிறம் காட்டுவதற்காகச் சோடியம் பிக்ராமேட் போன்ற செயற்கைச் சாயத்தைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பொடி பொறுமையாகத்தான் நிறம் காட்டியது. வாசனையும் வைக்கோலும் ஈரப் புல்லும் கலந்ததுதான், சென்ட் எதுவும் இல்லை.

கடைசியாக, சீப்பில் உதிர்ந்த முடிகளைச் சேர்த்து வைத்து அவற்றில் போட்டுப் பார்த்தேன். இதை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள். நரை முடியும் கறுப்பு முடியும் கலந்த ஒரு சின்னக் கொத்து, நுனியில் நூல் கட்டி, குழம்பில் புதைத்து, மறுநாள் அலசினேன். நரை செம்பு நிறத்துக்கு வந்தது. கறுப்பு அப்படியே இருந்தது, வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் ஒரு சிவப்பு மினுக்கு. மருதாணியால் கறுப்பை வெளுக்க வைக்க முடியாது. அதில் அமோனியாவோ பெராக்சைடோ கிடையாது. இலையில் இருக்கும் லாசோன் என்ற நிறமி முடியின் கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். டப்பாச் சாயம் மாதிரி முடியின் மேல் செதிலைத் திறந்துகொண்டு உள்ளே போவதில்லை.

அப்படியென்றால் வறட்சி எங்கிருந்து வருகிறது? பல இடத்திலிருந்து. எனக்குத் தெரிந்து முதல் குற்றவாளி எலுமிச்சைச் சாறு. லேசான புளிப்பு இருந்தால் நிறமி நன்றாக வெளிவரும் என்பது உண்மைதான். ஆனால் முழுக்க முழுக்கச் சாற்றிலேயே குழைத்து, அதை மணிக்கணக்கில் தலையில் வைத்திருந்தால் முடி வைக்கோலாகிவிடும். உச்சந்தலையும் எரியும். நான் எலுமிச்சையை அடியோடு விட்டுவிட்டேன். வெதுவெதுப்பான தண்ணீரும், 100 கிராம் மருதாணிக்கு இரண்டு ஸ்பூன் அளவில் நெல்லிக்காய்ப் பொடியும்தான். நெல்லிப் பொடியின் புளிப்பே நிறமிக்குப் போதும். செம்பு நிறமும் கொஞ்சம் அடங்கி வருகிறது. சுருட்டை முடிக்காரர்களுக்கு இன்னொரு விஷயம்: மருதாணி தொடர்ந்து போட்டால் சுருள் தளர்ந்துபோகும். நெல்லிப் பொடி சேர்க்க ஆரம்பித்த பிறகு என் சுருள் நன்றாகவே நிற்கிறது.

தயிரும் முட்டையும் வேண்டாம். இரண்டிலும் இருப்பது புரதம். லாசோன் பிடித்துக்கொள்வதும் புரதத்தைத்தான். முடிக்குப் போக வேண்டியதைக் கிண்ணத்திலேயே ஏன் செலவழிக்க வேண்டும்? போதாக்குறைக்கு முட்டை வாசம் வேறு. எண்ணெயையும் குழம்பில் ஊற்றுவதில்லை. முடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நிறம் சரியாக ஏறாது. எண்ணெய்க்கு இடம் உண்டு, ஆனால் அது அலசிய பிறகு. குழம்பில் நான் சேர்ப்பது ஆளிவிதை ஜெல். விதையைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வழவழவென்று வந்ததும் வடிகட்டி, ஆறவைத்து, பூசுவதற்கு முன் கலந்துகொள்கிறேன். குழம்பு சீக்கிரம் காய்வதில்லை, பூசும்போதும் வழுக்கிக்கொண்டு போகிறது. கற்றாழை ஜெல்லும் இதே வேலையைச் செய்யும்.

குழம்பின் பதத்தில் இந்தப் பொடிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். கட்டி தட்டவில்லை. மூடி, அறையின் சூட்டில் இரவு முழுக்க விட்டால் காலையில் மேல்பரப்பு பழுப்பாகவும் உள்ளே பச்சையாகவும் இருந்தது. உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்துச் சில நிமிடம் கழித்துத் துடைத்ததும் ஆரஞ்சு தெரிந்தது. அதுதான் நிறமி தயார் என்பதற்கு அடையாளம். கொதிக்கும் வெயிலில் சீக்கிரமே தயாராகிவிடும், குளிர்காலத்தில் இழுக்கும். கடிகாரத்தை நம்பாமல் உள்ளங்கையை நம்புங்கள்.

சரி, அளவு. தோள் வரை முடிக்கு 100 கிராம் போதும். என் நீளத்துக்கு 200 கிராமுக்கு மேல் ஆகிறது. ஆனால் முழு நீளத்துக்கும் நான் எப்போதாவதுதான் போடுகிறேன். மருதாணி நிறம் டப்பாச் சாயம் மாதிரி கழுவக் கழுவப் போவதில்லை, போட்ட இடத்தில் நிற்கும். மேலே மேலே போட்டால் அடுக்கடுக்காகப் படியும். முதல் சில பூச்சுகளில் முடி தடிமனாக, மினுமினுப்பாகத் தெரியும். அதற்கு மேல் நுனி வரை திரும்பத் திரும்பப் பூசினால் விறைப்பாகி, வளைக்கும்போது ஒடியும். நுனி ஏற்கனவே வயதான முடி. அதற்கு இந்தச் சுமை வேண்டியதில்லை. புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டும் பிரஷ்ஷால் தடவி, மீதி நீளத்துக்குக் கண்டிஷனரைப் பூசி மூடிவிடுகிறேன். அலசும்போது வழியும் மருதாணி நுனியில் ஏறாமல் கண்டிஷனர் தடுக்கிறது. வறட்சியைத் தவிர்க்க ஒரே ஒரு வழியைத்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

பூசியதும் பிளாஸ்டிக் உறை கட்டாயம். குழம்பு தலையிலேயே காய்ந்து ஓடாகப் பிடித்துக்கொண்டால், நிறம் ஏறுவதும் நின்றுவிடும், எடுக்கும்போது முடியும் சேர்ந்து வரும். மூன்று நான்கு மணி நேரம் வைக்கிறேன். ராத்திரி முழுக்க வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் கூடுதல் நிறம் எதுவும் தெரியவில்லை, கழுத்து வலிதான் மிச்சம்.

இப்போது அலசல். இங்கே அவசரமே கூடாது. நேராக ஷவரைத் திறந்துவிட்டுக் கசக்கினால் சுருட்டை முடி முடிச்சாகிவிடும். பெரிய பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, தலையைக் குனிந்து முடியை அதற்குள் விடுகிறேன். கசக்காமல், விரலை மட்டும் விரித்து மெதுவாக அலையவிட்டால் குழம்பு தானாகக் கரைந்து கீழே இறங்கும். தண்ணீர் பச்சைச் சேறாகும். கொட்டிவிட்டு மறுபடி நிரப்பி மறுபடி அலையவிட வேண்டும். பாதி போனதும் கைநிறையக் கண்டிஷனர் எடுத்து வேரிலிருந்து நுனி நோக்கி வழித்துக்கொண்டு வந்தால் மீதித் துகள்களும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நைசாகச் சலித்த பொடியின் அருமை இந்த இடத்தில்தான் தெரியும். மூன்றாவது தண்ணீரே கிட்டத்தட்டத் தெளிவாக இருந்தது, பேசினின் அடியில் ஒரு காம்புகூட இல்லை. ஈரத்தில் சீப்புப் போடவில்லை. துண்டால் முறுக்காமல் பழைய பருத்தி பனியனில் ஒற்றி எடுத்துவிட்டு, பாதி காய்ந்ததும் விரலாலேயே சிக்கெடுத்தேன். கையோடு வந்த முடி, மற்ற நாட்களில் தலைக்குக் குளிக்கும்போது வருவதைவிட அதிகமில்லை.

அன்றைக்கு ஷாம்பு போடக் கூடாது. இரண்டு நாள் விடுங்கள். முதல் நாள் நரை எல்லாம் பளீர் ஆரஞ்சில் இருக்கும், பார்த்துப் பயப்பட வேண்டாம். காற்றுப் பட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அது ஆழ்ந்த செம்பழுப்புக்கு இறங்கிவிடும். அந்த நாட்களில் முடி கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும். நல்ல பொடியிலும் இது உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்போது நுனிக்கு மட்டும் இரண்டு சொட்டு எண்ணெயைக் கையில் தேய்த்துத் தடவுங்கள். முதல் தலைக்குளியலுக்குப் பிறகு அரைமணி நேரம் ஹேர் மாஸ்க் போட்டால் முடி பழைய மென்மைக்கு வந்துவிடும். எனக்கு வந்தது.

கறுப்பு வேண்டும் என்பவர்களுக்கு: மருதாணி மட்டும் கறுப்பைத் தராது. மருதாணி போட்டு அலசிய பிறகு அவுரிப் பொடியை வெறும் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்போடு குழைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் பூசிவிட வேண்டும். அவுரிக்குப் புளிப்பு ஆகாது, ஊறவைத்தாலும் வீரியம் போய்விடும். அவுரி மருதாணியைவிட அதிகமாக வறட்டும் என்பது என் அனுபவம். அதனால் நான் செம்பழுப்போடு நிறுத்திக்கொள்கிறேன். "கறுப்பு மருதாணி", "ஒரு மணி நேரத்தில் கருகரு" என்று விற்கும் பாக்கெட்டுகளை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். எந்த இலையும் அப்படிச் செய்யாது. அதில் பெரும்பாலும் பிபிடிதான் இருக்கும். உலோக உப்புகள் கலந்த கலவைப் பொடிகளும் உண்டு. அவற்றைப் போட்ட முடியில் பின்னாளில் பெராக்சைடு பட்டால் சூடேறி முடி பொசுங்கிவிடும்.

தூய பொடியே ஆனாலும் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் போகலாம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு மருதாணியே ஆகாது, ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்து இருக்கிறது. வீட்டில் யாருக்காவது அந்தக் குறைபாடு இருந்தால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, பூசவே வேண்டாம்.

இந்தப் பாக்கெட்டில் எனக்கு இரண்டு குறை. ஒன்று, கிழித்தால் திரும்ப மூட வழியில்லை. காற்றும் வெளிச்சமும் பட்டால் பொடி வீரியம் இழந்து பழுப்பாகிவிடும். நான் காற்றுப் புகாத டப்பாவில் மாற்றி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். குழைத்து மிஞ்சியதையும் ஐஸ் தட்டில் கட்டிகளாக உறையவைத்துக்கொள்ளலாம். வகிட்டு நரைக்கு ஒன்றிரண்டு கட்டி போதும், நிறம் குறைவதில்லை.

இரண்டாவது குறைதான் பெரிது. பாக் செய்த தேதி போட்டிருக்கிறார்கள், அறுவடை ஆண்டு இல்லை. லாசோன் எத்தனை சதவீதம் என்பதும் இல்லை. தலைமுடிச் சாயமாக மருதாணியை ஆராய்ந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு 2013ஆம் ஆண்டு, 1.4 சதவீதம் வரை லாசோன் உள்ள பொடி பாதுகாப்பானது என்று கருத்துச் சொல்லியிருக்கிறது. இப்படி ஓர் அளவுகோல் இருக்கும்போது அந்த எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட்டால் என்ன? அது தெரிந்தால் எத்தனை மணி நேரம் வைப்பது, எவ்வளவு குழைப்பது என்பதை ஊகிக்காமலே முடிவு செய்யலாம். விற்பவர்களுக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். அடுத்த அறுவடைப் பொடி வந்ததும், வேறு எதுவும் செய்வதற்கு முன் டம்ளர் சோதனையும் முடிக்கொத்துச் சோதனையும் செய்துவிட்டுத்தான் தலையில் வைப்பேன்.