மெஸ்கால், டெக்கீலா, டெஸ்டிலாடோ: ஒரே செடியின் சாராயத்துக்கு மூன்று பெயர்கள்

அகாவே எனப்படும் ஆனைக்கற்றாழையிலிருந்து மெக்சிகோவில் வடிக்கப்படும் சாராயத்துக்கு இன்று மூன்று பெயர்கள் போட்டியிடுகின்றன. அவற்றில் டெக்கீலா உலகமே அறிந்தது. டெஸ்டிலாடோ தே அகாவே புட்டியின் ஒட்டுச்சீட்டைக் கூர்ந்து படிப்பவருக்கு மட்டுமே தெரிந்தது. இவற்றுக்கு இடையே நிற்கும் மெஸ்கால் என்ற சொல் பொதுப்பெயரா, தனிப்பெயரா என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

மெஸ்கால், மெக்சிகோவின் பழங்குடி மொழிகளுள் ஒன்றான நாவாட்டிலிலிருந்து ஸ்பானிய மொழிக்குள் வந்த சொல். அம்மொழியில் மெட்ல் என்பது கற்றாழையையும், இஷ்கல்லி என்பது வெந்ததையும் குறிக்கும். ஆகவே சாராயத்துக்குப் பெயராவதற்கு முன், குழியடுப்பில் வெந்து இனிப்பேறிய கற்றாழை நடுத்தண்டையே இச்சொல் குறித்தது. அதை உணவாகக் கொண்ட அப்பாச்சி என்னும் வட அமெரிக்கப் பழங்குடி மக்களில் ஒரு பிரிவினரை ஸ்பானியர்கள் மெஸ்கலேரோ என்று அழைத்ததும் இதனால்தான். பெயோட் கள்ளியில் உள்ள மெஸ்கலின் என்னும் மயக்கப்பொருளுக்கும் இந்தச் சாராயத்துக்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு தொடர்பில்லை; இருந்தும் மெஸ்கால் குடித்தால் மாயக்காட்சிகள் தோன்றும் என்ற கதை இன்னும் உலவிக்கொண்டுதான் இருக்கிறது.

காலனிய காலத்தில் வினோ மெஸ்கால் என்பது கற்றாழைச் சாராயம் எல்லாவற்றுக்குமான பெயராக இருந்தது. ஹாலிஸ்கோ மாநிலத்தின் டெக்கீலா நகரைச் சுற்றி வடிக்கப்பட்டது 'டெக்கீலாவின் வினோ மெஸ்கால்' என்று அறியப்பட்டு, காலப்போக்கில் ஊர்ப்பெயர் மட்டும் எஞ்சியது. இந்த வரலாற்றுப் பொருளில் பார்த்தால் டெக்கீலாவும் ஒருவகை மெஸ்காலே.

சட்டம் இந்த உறவை மாற்றிவிட்டது. 1974இல் டெக்கீலாவும் 1994இல் மெஸ்காலும் தனித்தனியே பிறப்பிடப் பெயர்களாக, அதாவது குறிப்பிட்ட பகுதிகளில் உருவான பொருளுக்கு மட்டுமே சட்டப்படி உரிய பெயர்களாக, அறிவிக்கப்பட்டன. அன்றிலிருந்து ஒட்டுச்சீட்டில் ஒன்று மற்றொன்றைக் குறிக்க முடியாது. டெக்கீலாவுக்கு நீலக் கற்றாழை என்ற ஒரே வகை மட்டுமே ஆகும். அதுவும் ஹாலிஸ்கோவிலும் வேறு நான்கு மாநிலங்களின் சில பகுதிகளிலும் விளைந்ததாக இருக்க வேண்டும். ஆனால் புளிக்கவைக்கும் சர்க்கரையில் 51 விழுக்காடு கற்றாழையிலிருந்து வந்தால் போதும். மீதியைக் கரும்பு முதலியவற்றால் ஈடுகட்டலாம். மெஸ்காலுக்கோ எஸ்பதின், டோபலா, டெபெஸ்டாடே எனப் பல வகைக் கற்றாழைகள் ஏற்கத்தக்கவை. சர்க்கரை முழுவதும் கற்றாழையுடையதாகவே இருக்க வேண்டும். அனுமதி பெற்ற மாநிலங்களில் ஓஹாகாவே முதன்மையானது. வகையில் கண்டிப்பும் தூய்மையில் தளர்வும் ஒருபுறம், வகையில் தாராளமும் தூய்மையில் கண்டிப்பும் மறுபுறம் என்றிருக்கையில், பின்னதே குடிப்பவருக்கு நேர்மையான விதி என்று எனக்குத் தோன்றுகிறது.

செய்முறையிலும் வேறுபாடு உண்டு. டெக்கீலாவுக்குக் கற்றாழைத் தண்டு பெரும்பாலும் நீராவி அடுப்பிலோ அழுத்தக் கலனிலோ வேகிறது. மரபான மெஸ்காலுக்கு, கல் பரப்பி விறகெரித்த நிலக்குழியில் தண்டுகளை இட்டு மண்ணால் மூடிப் பல நாள் வேகவிடுகிறார்கள். புகைமணம் ஏறுவது அங்கேதான். அதற்காகப் புகைமணம் உள்ளது மெஸ்கால், இல்லாதது டெக்கீலா என்று பிரித்துவிடுவது சரியாகாது. இன்றைய மெஸ்கால் விதி, அடைமொழியற்ற மெஸ்கால், அர்த்தேசனால் (கைவினை), அன்செஸ்ட்ரால் (முன்னோர் வழி) என மூன்று தரங்களை வகுக்கிறது. கடைசித் தரத்துக்கு மண்பானையில் வடித்தாக வேண்டும்; முதல் தரத்திலோ அழுத்தக் கலனுக்கும் இடமுண்டு. எனவே மெஸ்கால் என்ற பெயர் மட்டுமே கைவினைக்குச் சான்றாகிவிடாது. அதையடுத்து வரும் அடைமொழியையும் படிக்க வேண்டும்.

மூன்றாவது பெயரான டெஸ்டிலாடோ தே அகாவே, 'கற்றாழை வடிசாராயம்' என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே இருப்பவர்கள், சான்றிதழ்ச் செலவைத் தாங்க இயலாதவர்கள், அந்த முறையையே ஏற்காதவர்கள் ஆகியோரின் சாராயம் இப்பெயரில் விற்கப்படுகிறது. தலைமுறைகளாகத் தாம் மெஸ்கால் என்றே அழைத்துவந்ததை அப்பெயரால் விற்க முடியாத நிலை இவர்களுடையது. 2015இல் வெளியான ஒரு விதி வரைவு, அகாவே என்ற சொல்லையும் இவர்களிடமிருந்து எடுத்துவிட்டு கோமில் என்ற புதுப்பெயரைச் சூட்ட முற்பட்டது. கடும் எதிர்ப்புக்குப் பின் அது கைவிடப்பட்டது. தான் விற்கும் பொருள் எந்தச் செடியில் பிறந்தது என்று சொல்லும் உரிமையைக்கூடப் பறிக்க முனைந்த அந்த வரைவுக்கு நியாயம் கற்பிப்பது கடினம்.

சொனோரா மாநிலத்தின் பகனோரா, ஹாலிஸ்கோவின் ரைசியா என்னும் கற்றாழைச் சாராயங்களும் முறையே 2000, 2019 ஆம் ஆண்டுகளில் தமக்கெனத் தனிப் பிறப்பிடப் பெயர்களைப் பெற்றுவிட்டன. பரந்த பொருளில் இவை இரண்டும் மெஸ்கால்களே. அடிக்கடி இவற்றோடு சேர்த்துப் பேசப்படும் சொட்டோல் அப்படியல்ல. அது டாசிலிரியன் என்ற வேறு செடியிலிருந்து வருவது.

தமிழில் எழுதுவோர் வரலாறு பேசும்போது மெஸ்காலைப் பொதுப்பெயராகவும், விற்பனைக்கு வந்த புட்டியைப் பேசும்போது சட்டப்பெயராகவும் ஆள்வதே பொருத்தம். எப்பொருளில் ஆள்கிறோம் என்பது முதல் இடத்திலேயே தெளிவாக வேண்டும். தக்காணத்துக் கற்றாழையிலிருந்து இந்தியாவில் வடிக்கப்படும் சாராயத்தை டெக்கீலா, மெஸ்கால் என்ற இரண்டில் எந்தப் பெயராலும் விற்க இயலாது. அகாவே ஸ்பிரிட் என்றே அது கடைக்கு வருகிறது.