ஒரே பைக் போதும், அது சின்ன க்ரூஸர் என்றால் எது?

தாழ்ந்த சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாக ஓட்டும் பைக்தான் க்ரூஸர். ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350, ஹோண்டா ரெபெல் 500 இரண்டையும் எடை போட்டால் ஒரே எண்தான் வரும்: 191 கிலோ. ஆனால் முதலாவதில் 20 குதிரைத்திறன், இரண்டாவதில் 46. கவாஸாகி எலிமினேட்டர் இன்னும் ஒல்லி, 176 கிலோ, அதில் 45. இதை மட்டும் பார்த்தால் போட்டி தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் வீட்டில் இருப்பதே ஒரு பைக்தான், வேலைக்கும் அதுதான், சாமான் வாங்கவும் அதுதான், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொள்ளவும் அதுதான், ஆசை வந்தால் 300 கிலோமீட்டர் போய்வரவும் அதுதான் என்றால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

சிசி எவ்வளவு என்பதை இந்தக் கணக்கில் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் இரண்டு கேள்விகள். நீங்கள் அதிக நேரம் விடாமல் பிடித்து ஓட்டும் வேகம் எது? பின் சீட்டில் யார், எவ்வளவு அடிக்கடி உட்காருவார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பட்டியலில் பாதி தானாகவே கழன்றுவிடும்.

வேகம்

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. அதை முறியடிக்க இன்ஜின் தர வேண்டிய திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. 100 கி.மீ. வேகத்திலிருந்து 120-க்குப் போக, காற்றுக்கு மட்டுமே சுமார் 73 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். க்ரூஸரில் நாம் நெஞ்சை நிமிர்த்தி, கையை விரித்து, காலை முன்னால் நீட்டி உட்காருகிறோம். காற்றுக்கு இதைவிட வசதியாக யாரும் உட்கார்ந்து கொடுக்க முடியாது. குனிந்து ஓட்டும் பைக்கில் தப்பித்துவிடும் குறைந்த திறன், க்ரூஸரில் சீக்கிரமே அம்பலமாகிவிடுவது இதனால்தான்.

மீட்டியோர் 80, 90-ல் நாள் முழுக்க அலுக்காமல் ஓடும். 27 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (இன்ஜினின் திருகு விசை) நிமிடத்துக்கு 4,000 சுற்றிலேயே வந்துவிடுகிறது என்பதால் டாப் கியரில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். 100-க்கு மேல் போனால் கையில் மிச்சம் எதுவும் இருக்காது. எதிர்க்காற்று, ஏற்றம், பின்னால் ஆள் என்று மூன்றில் இரண்டு சேர்ந்துவிட்டால், லாரியை முந்த கியரைக் குறைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகி, அப்புறம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு எதிரே வண்டி வரும் இருவழிச் சாலையில் நடக்கிறது என்பதுதான் சிக்கல்.

ரெபெல் 500-ல் 471 சிசி இரட்டை சிலிண்டர், 43 நியூட்டன் மீட்டர். எலிமினேட்டரில் 451 சிசி இரட்டை சிலிண்டர், கிட்டத்தட்ட அதே டார்க். இரண்டுக்கும் அது 6,000 சுற்று வாக்கில்தான் முழுசாக வருகிறது. 110-ல் ஓட்டினாலும் பாதி ஆக்ஸிலரேட்டர்கூடத் தேவைப்படாது. முந்துவதற்கு மிச்சம் இருக்கிறது. ஐரோப்பாவில் ஏ2 என்ற நடுத்தர பைக் உரிமத்துக்கு 35 கிலோவாட், அதாவது சுமார் 47 குதிரைத்திறன், உச்சவரம்பு உண்டு. இரண்டு கம்பெனியும் 45, 46 குதிரைத்திறனில் வந்து நின்றது தற்செயல் இல்லை.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டால் எலிமினேட்டரை யாரும் க்ரூஸர் என்று சொல்ல மாட்டார்கள். 9,000 சுற்றில் உச்சத் திறனைத் தொடும், ஸ்போர்ட்ஸ் பைக் ரத்தம் ஓடும் இன்ஜின் அது. 'டுக் டுக்' என்று ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பவருக்கு மீட்டியோர்தான். அதை அற்ப ஆசை என்று நான் ஒதுக்க மாட்டேன். தினமும் ஓட்டப்போகும் பைக்கின் சத்தம் பிடிக்காமல் போனால், அதை மைலேஜ் வந்து ஈடுகட்டாது.

ஊருக்குள்

இங்கே நிலவரம் தலைகீழ். நெரிசலில் ஊர்ந்து போகும்போது மீட்டியோர் கியரை அதிகம் கேட்காது. மூன்றாவது கியரிலேயே மெதுவாக நகர்ந்து, திரும்பவும் இழுத்துக்கொள்ளும். ரெபெலும் எலிமினேட்டரும் இன்னும் கொஞ்சம் கிளட்ச் வேலை வாங்கும். ஆனால் கிளட்ச் லிவர் லேசு என்பதால் கை ஓய்ந்துபோவதில்லை.

சீட் உயரம் ரெபெலில் 690 மி.மீ., எலிமினேட்டரில் 735, மீட்டியோரில் 765. உயரம் குறைந்தவருக்கு ரெபெல் ஒரு வரம். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதியும், சரிவில் பின்னோக்கித் தள்ளி நிறுத்துவது பயமில்லாத வேலையாகிவிடும். ஆறடி ஆளுக்கோ அதே சீட்டில் முழங்கால் மடங்கிக்கொண்டு மேலே நிற்கும். எலிமினேட்டருக்குக் கூடுதல் உயரமான சீட்டைக் கவாஸாகியே தனியாக விற்கிறது. உயரமானவர்கள் அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

மேடு பள்ளம்

க்ரூஸரை ஒரே பைக்காக வைத்துக்கொள்பவர்கள் பின்னால் முணுமுணுப்பது பெரும்பாலும் இன்ஜினைப் பற்றி இருக்காது, முதுகைப் பற்றித்தான் இருக்கும். சாதாரண பைக்கில் பள்ளம் வரும்போது ஃபுட்பெக்கை மிதித்து லேசாக எழுந்துகொள்கிறோம். முழங்கால்தான் இரண்டாவது ஷாக் அப்ஸார்பர். கால் இடுப்புக்கு முன்னால் நீண்டிருந்தால் எழ முடியாது. வேகத்தடையின் முன்பக்கத்தை முன் சக்கரம் பதமாக வாங்கிக்கொள்ளும், அடுத்த கணமே பின் சக்கரம் ஏறி, அந்தக் குத்து நேராக வால் எலும்பில் இறங்கும். தெரியாத சாலையில், இருட்டில், பார்க்காத பள்ளத்தில் விழுந்தால் கண்ணில் நட்சத்திரம் தெரியும்.

மீட்டியோரில் ஃபுட்பெக் கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கிறது. சீட் அகலமும் மெத்தும் அதை ஓரளவு சமாளிக்கின்றன. மற்ற இரண்டிலும் கால் நடுவாக்கில் இருப்பதால் அவசரத்துக்கு எழுந்துகொள்ளலாம். எலிமினேட்டரின் 18 அங்குல முன் சக்கரம் பள்ளத்தில் விழுந்து ஏறுவதில் ரெபெலின் 16 அங்குலத்தைவிடக் கெட்டிக்காரத்தனம். ரெபெலின் பருத்த டயர் பார்க்கத்தான் திடமாக இருக்கும், பின் சஸ்பென்ஷனோ குட்டையான அசைவுதான் தரும். சாலை மோசமான இடத்தில் இருப்பவர்கள் ரெபெலை எடுக்கும் முன் இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

பின் சீட்

இதை நீட்ட வேண்டியதில்லை. மீட்டியோரில் பின் சீட் உண்மையிலேயே சீட். சில வகைகளில் சாய்மானமும் உண்டு. எலிமினேட்டரில் குறுகிய தூரத்துக்குப் போதும். ரெபெலில் பின் மட்கார்டு மேல் ஒட்டிவைத்த ஒரு மெத்தைத் துண்டு. தினமும் இருவராகப் போகிறவர் என்றால் ரெபெலைப் பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடலாம்.

பெட்ரோல், செயின், பஞ்சர்

மீட்டியோரின் டேங்க் 15 லிட்டர். லிட்டருக்கு 30-க்கு மேல் தாராளமாகத் தரும் என்பதால் ஒரு முறை நிரப்பினால் 450 கிலோமீட்டர் சர்வசாதாரணம். எலிமினேட்டர் 13 லிட்டர். ரெபெல் 11.2 லிட்டர்தான், லிட்டருக்கு 27 வாக்கில் என்று வைத்தாலும் 300-ல் காலி. 220, 230 தாண்டியதும் மனசு பங்க்கைத் தேட ஆரம்பித்துவிடும். அதே இன்ஜினோடு வரும் ஹோண்டா சிபி500எஃப்-க்கு 17.1 லிட்டர் டேங்க். அந்த மெலிந்த இடுப்புக்காக ரெபெல் ஆறு லிட்டரை விட்டுக்கொடுத்திருக்கிறது.

மூன்றுமே செயின் வண்டிகள். 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை துடைத்து லூப் (செயினுக்கான மசகு) போட வேண்டும். மீட்டியோரில் சென்டர் ஸ்டாண்ட் இருப்பதால் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். மற்ற இரண்டிலும் கிடையாது. தனியாக ஒரு ஸ்டாண்ட் வாங்க வேண்டும், இல்லையென்றால் நாலு விரல் நீளச் செயினுக்கு அடித்துவிட்டு, வண்டியை ஒரு முழம் உருட்டி, திரும்பக் குனிந்து அடித்து, திரும்ப உருட்டி என்று வாசல் முழுக்கச் சுற்ற வேண்டும். மழைக்காலத்தில் இது வாரா வாரம் வரும் வேலை.

மூன்றின் அலாய் சக்கரங்களிலும் ட்யூப்லெஸ் டயர் என்பது நிம்மதி. ஆணி ஏறினால் சக்கரத்தைக் கழற்றாமலே ஓரமாக நிறுத்தி, துளையில் பட்டையைச் சொருகி, காற்றடித்துக் கிளம்பலாம். யமஹா வி ஸ்டார் 250 போன்ற ஸ்போக் சக்கர வண்டிகளில் ட்யூப். அங்கே பஞ்சர் என்றால் சக்கரம் வெளியே வந்தாக வேண்டும். 147 கிலோ எடை, 685 மி.மீ. சீட் என்று அது கற்றுக்கொள்பவருக்கு அருமையான வண்டி. 9.5 லிட்டர் டேங்கும் பின் டிரம் பிரேக்குமாக ஒரே பைக் வேலைக்கு அது வராது.

பழைய வண்டியில் கண் வைப்பவர்களுக்கு சுஸுகி சாவேஜ், பிற்காலத்தில் பௌல்வார்ட் எஸ்40 என்று வந்ததே, அது ஒரு விசித்திரம். 652 சிசியில் ஒரே சிலிண்டர், 1986 முதல் 2019 வரை பெரிய மாற்றமே இல்லாமல் ஓடியது. செயினுக்குப் பதில் பெல்ட், லூப் தொல்லையே கிடையாது. ஆனால் ஏபிஎஸ் இல்லை. ஈரச் சாலையில் தினமும் ஓட்டுகிறவருக்கு இந்த ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல.

ரெபெல் 300-ஐ விட்டுவிட்டோம் என்று சிலர் கேட்பார்கள். 286 சிசி, எடையில் 500-ஐவிட 20 கிலோவுக்கு மேல் குறைவு, மற்றபடி அதே உடம்பு, அதே சின்ன டேங்க், அதே பின் சீட். உரிமக் கட்டுப்பாடு இருந்தாலோ, எடை உண்மையிலேயே பயமுறுத்தினாலோ சரி. இல்லையென்றால் 500-ன் குறைகள் அத்தனையும் இதிலும் இருக்கின்றன, 500-ன் திறன் மட்டும் இல்லை.

சரி, பெரிய க்ரூஸருக்கே போய்விட்டால்? ரெபெல் 1100-ல் கையால் கியர் மாற்றும் வகையே 223 கிலோ. 'வி' வடிவில் இரண்டு சிலிண்டர் வைத்த பாரம்பரிய வி-ட்வின் க்ரூஸர்கள் 300-ஐயும் தாண்டும். நெடுஞ்சாலையில் அந்த எடை சொகுசு. பால் வாங்கப் போய், குறுகலான சந்தில் யூ-டர்ன் அடிக்கும்போது அதே எடை எதிரி. கோடையில் சிக்னலில் நிற்கும்போது தொடையில் ஏறும் சூடு தனிக்கதை. பெரியதை வாங்கிவிட்டு, கடைக்குப் போக ஸ்கூட்டரைத் தேடுகிறவர்கள் உண்டு. அப்போது அது ஒரே பைக்காக இல்லை.

கடினமான போட்டி வேறு இடத்தில் இருக்கிறது: அதே இன்ஜினோடு வரும் சாதாரண நேக்கட் பைக், அதாவது இன்ஜினை மூடும் உறை இல்லாத பைக். சிபி500எஃப்-ம் கவாஸாகி இஸட்500-ம் வளைவில் அதிகம் சாயும், பள்ளத்தில் குறைவாகக் குத்தும். ஒவ்வொரு எண்ணிலும் அவைதான் முன்னால். க்ரூஸருக்கு மிஞ்சுவது தாழ்ந்த சீட்டும், நிதானமாக உட்காரும் அந்த உட்காரலும்தான். அந்த உட்காரல் பிடித்திருந்தால் மட்டும் க்ரூஸர் எடுங்கள்.

என் தேர்வு இப்படி. பெரும்பாலும் தனியாக, வாரத்தில் பலமுறை நெடுஞ்சாலையில் 100-க்கு மேல் போகிறவருக்கு எலிமினேட்டர். இருவராக, ஊருக்குள்ளும் 90-க்குள் அடங்கும் சாலைகளிலும் போகிறவருக்கு மீட்டியோர், யோசிக்கவே வேண்டாம். உயரம் குறைந்த, தனியாக ஓட்டும், அடிக்கடி பங்க்கில் நிற்பதைப் பொருட்படுத்தாதவருக்கு ரெபெல் 500. அதைப் பழையதாக வாங்குவதானால் 2020-க்குப் பிந்தைய மாடலா என்று பாருங்கள்; அந்த ஆண்டில்தான் ஸ்லிப்பர் கிளட்ச்சும் (சட்டென்று கியரைக் குறைத்தாலும் பின் சக்கரம் இழுபடாமல் காக்கும் கிளட்ச்) எல்இடி விளக்கும் வந்தன, சஸ்பென்ஷனையும் திருத்தினார்கள்.