சமச்சீர் தானாக முறியுமா, நாம் முறிக்க வேண்டுமா?

அடிப்படைத் துகள்களுக்கு நிறை தருவது, வெளி எங்கும் பரவியிருக்கும் ஹிக்ஸ் புலம். எந்தப் பக்கமும் சாயாமல் சமச்சீராக இருக்க வேண்டிய அது ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதுதான் சமச்சீர் முறிவு. அதை விளக்க இரண்டு வழிகள் உண்டு. 1964-இல் வந்த வழியில், புலத்தின் ஆற்றல் சூத்திரத்தில் வரும் நிறையின் வர்க்கத்துக்கு எதிர்க்குறியை நாமே போட்டுவிடுகிறோம். அந்த ஆற்றலை வரைந்து பார்த்தால் நடுவில் மேடு, சுற்றிலும் பள்ளம். மேட்டில் வைத்த கோலிக்குண்டு ஏதோ ஒரு பக்கம் உருண்டு நின்றுவிடும். கணக்கு சுலபம். ஆனால் அந்த எதிர்க்குறி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் கிடையாது.

1973-இல் இயற்பியலாளர்கள் சிட்னி கோல்மனும் எரிக் வெயின்பர்க்கும் நிறையே இல்லாமல் தொடங்கினார்கள். சூத்திரத்தில் புலத்தின் நான்காம் அடுக்கு மட்டும்தான், மேடு இல்லை. அப்புறம் குவாண்டம் திருத்தம் வந்து அதோடு புலத்தின் மடக்கை (logarithm) ஒன்றைப் பெருக்குகிறது. புலம் சிறிதாகும்போது மடக்கை எதிர்க்குறிக்குப் போகும், பள்ளம் தானாகவே விழும். அலகில்லாத வெறும் எண்ணிலிருந்து ஓர் ஆற்றல் அளவு பிறக்கிறது! எனக்கு இதுதான் அழகு.

சரி, இயற்கை? அடிப்படைத் துகள்களை விளக்கும் ஸ்டாண்டர்ட் மாடலில், மிகக் கனமான துகளான டாப் குவார்க்கை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், இரண்டாம் வழி ஹிக்ஸ் துகளுக்குச் சுமார் 10 ஜிஇவி (துகள் நிறையை அளக்கும் அலகு) நிறைதான் தருகிறது. 2012-இல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் கிடைத்தது ஏறக்குறைய 125. டாப் குவார்க்கைச் சேர்த்தாலோ, அதன் பெரிய பங்கு எதிர்க்குறியோடு வந்து பள்ளத்தையே கெடுத்துவிடுகிறது. புதிய போசான்களைச் (ஹிக்ஸ் துகளும் சேர்ந்த துகள் வகை) சேர்த்தால், அவற்றின் பங்கு டாப் குவார்க்கினுடையதை ஈடுகட்டி, இவ்வழி பிழைக்கும். அவற்றைத் தேடுவது வீண்வேலை அல்ல.